வீரக்குடியிடம் சிக்கிய சிப்பாய்: இந்தக் கதை எப்போது எடுபடுகிறது?

வாசகர் கேள்வி, மே 9

விண்வெளித் தொடர்களில் ஒரு சிப்பாயை ஏதோ ஒரு போர்க்குடி பிடித்துக்கொண்டு போகும். முதலில் அடி, உதை. அப்புறம் ஒரு சண்டை. அதில் அவன் ஜெயிப்பான், இல்லையென்றால் முகம் சுளிக்காமல் தோற்பான். உடனே தலைவன் வந்து தோளில் தட்டி "நீ எங்களில் ஒருவன்" என்பான். எல்லாத் தொடரிலும் இதே கதைதான். இதை இன்னுமா பார்க்கிறீர்கள்?

மே 9, இரவு

பார்க்கிறேன். சட்டகம் ஒன்றுதான், ஆனால் கதையும் ஒன்றுதான் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பள்ளிக்கூடக் காலத்தில் இந்த எபிசோட்களில் எனக்கு முக்கியம் கடைசிச் சண்டை. பேச்சையெல்லாம் ஓட்டிவிட்டு நேரே அங்கே போய்விடுவேன். இப்போது சண்டையை ஓட்டிவிட்டுப் பேச்சைப் பார்க்கிறேன். வயசாகிறது, வேறென்ன.

பேச்சைப் பார்த்தால் ஒன்று தெரியும். கைதி பிழைப்பானா என்பதில் பதைப்பே கிடையாது. அவர் பெயர் டைட்டிலில் வருகிறது. அடுத்த வாரமும் வந்தாக வேண்டும். அப்படியென்றால் நெருக்கடி யாருக்கு? பிடித்தவனுக்கு. கைதி உள்ளே வந்ததால் பிடித்தவனுடைய பதவி, மானம், பிள்ளைகள், நம்பிக்கை ஏதாவது ஆட்டம் காண வேண்டும். அப்போதுதான் எபிசோட் நிற்கும். அவன் வெறும் தடியும் உறுமலுமாக இருந்தால் படுத்துவிடும். இதுதான் என் கட்சி. நாளை உதாரணத்தோடு வருகிறேன்.

மே 10

ஸ்டார் ட்ரெக் வாயேஜர், இரண்டாம் சீசன், 1995 செப்டம்பரில் வந்த 'இனிஷியேஷன்ஸ்'.

வாயேஜர் கப்பலின் துணைத் தலைவர் சக்கோட்டே இறந்துபோன தன் தந்தைக்காக ஒரு சடங்கு செய்யத் தனியாக ஷட்டில் என்ற சிறு கலத்தில் போகிறார். கேஸான் என்ற போர்க்குடியின் ஒக்லா கூட்டத்தில் கார் என்று ஒரு பையன், ஒற்றை ஆளாக வந்து அவரைத் தாக்குகிறான். எதிரியைக் கொன்றால்தான் அவனுக்குப் பெரியவர்களுக்குரிய பெயர் கிடைக்கும். இல்லையென்றால் அந்தச் சண்டையிலேயே செத்துவிட வேண்டும். சக்கோட்டே என்ன செய்கிறார்? பையனின் கலம் வெடிப்பதற்குள் அவனைத் தன் ஷட்டிலுக்கு இழுத்துக் காப்பாற்றிவிடுகிறார். நல்ல மனுஷன் செய்கிற காரியம்தான். பையனுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. எதிரி கையால் உயிர் பிழைத்தவனுக்கு இனிப் பெயரும் கிடையாது, சாவில் மரியாதையும் கிடையாது. அவனை வீடு சேர்க்கப் போன இடத்தில்தான் சக்கோட்டே பிடிபடுகிறார்.

பையன் அவரிடம் காட்டுகிற கோபத்தை ஒருமுறை பாருங்கள். நன்றி மறந்த பயல் என்று தோன்றாது. யோசித்தால் நியாயம் அவன் பக்கம்தான் இருக்கிறது.

தலைவன் ரசீக்குக்கும் சங்கடம். தோற்றுத் திரும்பிய பையனை உயிரோடு விட்டால் மற்றப் பையன்களிடம் அவன் பேச்சு எடுபடாது. ஆகவே பையனை நீயே கொன்றுவிட்டுப் போ என்று கைதியிடமே தள்ளிவிடப் பார்க்கிறான். சக்கோட்டே மறுத்து, ரசீக்கையே பிடித்துக்கொண்டு தப்பிக்கிறார். போக்கிடம் இல்லாத பையனும் கூடவே ஓடுகிறான். கேஸான்கள் பயிற்சிக்காகக் கண்ணி விதைத்து வைத்திருக்கும் ஒரு துணைக்கோளில் இருவரும் ஒளிகிறார்கள். கடைசியில் சக்கோட்டே தன்னையே கொன்று பெயர் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். பையன் துப்பாக்கியை எடுக்கிறான், சுடுகிறான், ஆனால் ரசீக்கை. அடுத்து தலைவனாகும் ஹாலிஸ் அவனுக்கு ஜால் கார்டன் என்று பெயர் கொடுக்கிறான்.

தோளில் தட்டி "எங்களில் ஒருவன்" என்று சக்கோட்டேயை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்ந்தவன் அந்தப் பையன், தன் சொந்தக் கூட்டத்தில், தன் தலைவனைக் கொன்று. கைதி வந்தபோது இருந்த தலைமை அவர் போகும்போது இல்லை. நான் சொன்ன ஆட்டம் காண்பது இதுதான்.

மே 10, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொன்று. காராக நடித்தவர் ஆரன் ஐசன்பர்க். அதே ஆள்தான் டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரில் நோக். அந்த நோக் தன்னை ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படையில் சேர்த்துவிடும்படி நிலையத் தலைவர் சிஸ்கோவிடம் மன்றாடியதும் அதே 1995-இல்தான். ஒரு தொடரில் சீருடைக்காகக் கெஞ்சுகிறான், இன்னொன்றில் சீருடைக்காரனைக் கொல்லப் பார்க்கிறான். ஒப்பனைக்காரர் போட்ட ரப்பருக்கு உள்ளிருந்து இரண்டையும் ஒருவரே செய்திருக்கிறார். 2019-இல் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மே 11

கேஸான்களைப் போய் யாராவது பாராட்டுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தமாகப் பாராட்ட மாட்டேன். லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்கும்பல்களை மனதில் வைத்து அவர்களை உருவாக்கினார்கள். திரையில் வந்து சேர்ந்தது தலைமுடியும் கத்தலும். முழுத் தொடரிலும் அவர்கள் மனிதர்களாகத் தெரிவது ஏறக்குறைய இந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான்.

மே 12

சரி, பெரிய உதாரணத்துக்கு வருகிறேன். டீப் ஸ்பேஸ் நைன், 1997 பிப்ரவரி, இரண்டு பாகம்: 'இன் பர்கெட்டரீஸ் ஷேடோ', 'பை இன்ஃபெர்னோஸ் லைட்'.

விண்வெளி நிலையம் ஒன்றில் இருக்கும் வார்ஃபும் (க்ளிங்கான் என்ற போர்வீர இனத்தவர்) கராக்கும் டொமினியன் என்ற எதிரி வல்லரசிடம் பிடிபட்டு 371 என்ற எண்ணுள்ள முகாமுக்குப் போகிறார்கள். அங்கே ஏற்கெனவே க்ளிங்கான் தளபதி மார்ட்டாக் இருக்கிறார், ஒரு கண் போய். நிலையத்து டாக்டர் பஷீரும் இருக்கிறார். இத்தனை நாளும் நிலையத்தில் சுற்றிக்கொண்டிருந்த பஷீர் போலி, கூட வேலை பார்த்தவர்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. (நண்பர் என்று சொல்லிக்கொள்கிற ஓப்ரையனும்கூட. அதைப் பிற்பாடு யாராவது அவரிடம் கேட்டார்களா?)

டொமினியனின் படையான ஜெம்ஹடார் வீரர்கள் கைதிகளான க்ளிங்கான்களைப் பயிற்சிப் பொம்மையாக வைத்திருக்கிறார்கள். வரிசையாக ஒவ்வொருவராக வந்து வார்ஃபோடு மோதுகிறார்கள். ஜெயித்தால் ஓய்வு கிடையாது, அடுத்த ஆள் வருவான். கடைசியில் அவர்களுடைய முதல்வன் இகட்டிகா. வார்ஃபுக்கு விலா போயிற்று, மூச்சு போயிற்று, நிற்க முடியவில்லை. விழுகிறார், எழுகிறார். மறுபடி விழுகிறார், மறுபடி எழுகிறார். மார்ட்டாக்கே போதும் விட்டுக்கொடு என்கிறார்.

அங்கே இகட்டிகா நிறுத்திவிடுகிறான். இவனைக் கொல்ல முடியும், தோற்கடிக்க முடியாது, கொல்வதில் இனி எனக்கு ஆர்வமில்லை என்கிற பொருளில் சொல்லி, தானே விலகிக்கொள்கிறான். மேலதிகாரி டெயோஸ் இருவரையும் சுடச் சொல்கிறான். வார்ஃபைக் கடைசி நொடியில் கப்பல் தூக்கிக்கொள்கிறது. இகட்டிகா அங்கேயே விழுகிறான்.

கீழ்ப்படிவதற்கென்றே வளர்த்த ஒரு படைவீரன், வாழ்நாளிலேயே முதல்முறையாகத் தன் கணிப்பை நம்புகிறான், உடனே சாகிறான். இதில் ஹீரோ யார்?

மே 12, இரவு

அடிபட்டு எழுந்து நிற்பவனைக் கூட்டம் மதிக்கும் என்பதில் எனக்கு ஒரு சொந்தச் சந்தேகம் உண்டு. சின்ன வயதில் நடு வருஷத்தில் புதுப் பள்ளிக்கு மாறினேன். வகுப்பிலேயே பெரிய பையனோடு கட்டிப் புரளச் சொன்னார்கள். புரண்டேன், தோற்றேன், எழுந்தேன், மறுபடி தோற்றேன். தோளில் யாரும் தட்டவில்லை. மறுநாள் என் பெயரே யாருக்கும் தெரியவில்லை. சண்டை முடிந்தவுடன் அவர்களுக்கு நான் வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் இகட்டிகா காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவன் ஒருவன் மட்டுமே விலகுகிறான். சுற்றி நின்ற மற்றவர்கள் உத்தரவு வந்ததும் சுட்டுவிட்டார்கள். கூட்டத்துக்கே மனம் மாறியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மே 13

"ஜெம்ஹடார் ஒரு குடியே இல்லை, தொழிற்சாலைச் சரக்கு" என்று மறுப்பு. உண்மைதான். அவர்களுக்குத் தாய் இல்லை, ஊர் இல்லை, தூக்கம் இல்லை, சாப்பாடும் இல்லை. மரபணுவில் செய்து, சில நாளில் ஆளாக்கி, 'வொயிட்' என்ற போதைமருந்தைக் கழுத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மருந்து நின்றால் வெறி பிடித்து ஒருவரை ஒருவர் கொன்றுகொள்வார்கள்.

ஆனால் குடி என்றால் என்ன? தலைவனுக்குக் கூட்டத்திடமும் கூட்டத்துக்குத் தலைவனிடமும் இருக்கிற கடன். அது அவர்களிடம் இருக்கிறது என்பதற்கு 1995-இல் வந்த 'ஹிப்போக்ராட்டிக் ஓத்' எபிசோடே சாட்சி.

கோரன்அகார் என்ற ஜெம்ஹடார் தலைவன் மருந்தில்லாமல் பிழைக்கிறான். எப்படி என்று அவனுக்கே புரியவில்லை. இந்தக் கிரகம்தான் காரணம் என்று நம்பித் தன் ஆட்களை அங்கே கூட்டி வந்திருக்கிறான். பிடிபட்ட பஷீர் மருத்துவர் என்று தெரிந்ததும் என் ஆட்களையும் இந்தப் பிடியிலிருந்து விடுவி என்கிறான். பஷீர் மனம் இளகி உண்மையாகவே உழைக்கிறார். ஓப்ரையன் தப்பித்துவிடுகிறார், திரும்பி வருகிறார், பஷீர் வர மறுத்ததும் அவருடைய ஆராய்ச்சியை ஒரே சூட்டில் சாம்பலாக்குகிறார். பஷீர் உயர் அதிகாரி, இவர் கீழே. உத்தரவை மீறித்தான் செய்கிறார்.

கைகலப்பு ஓய்ந்தபின் கோரன்அகார் இருவரையும் போக விடுகிறான். எங்களோடு வா என்கிறார் பஷீர். அவன் வரமாட்டான். மருந்து தீர்ந்து வெறிபிடிக்கப் போகும் தன் ஆட்களை அந்தக் கோரத்துக்கு முன் தன் கையாலேயே முடித்துவைக்கத் திரும்பிப் போகிறான். ஏன் என்று பஷீருக்கு விளங்கவில்லை. அவன் ஓப்ரையனைப் பார்த்து, நீ சிப்பாய்தானே, நீயே அவருக்குச் சொல் என்கிறான். எதிரிச் சிப்பாய்க்குப் புரிகிறது. சொந்த நண்பருக்குப் புரியவில்லை. கப்பலில் திரும்பும்போது நண்பர்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

இந்த எபிசோடை இயக்கியவர் ரெனே ஓபர்ஜோனுவா. அதே தொடரில் ஓடோ என்ற பாத்திரமாக நடித்தவரேதான்.

மே 13, பின்சேர்க்கை

ஓப்ரையன் செய்தது சரியா தவறா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் ஒரு கட்சி மாறுகிறேன்.

மே 16

மட்டமானவற்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என் அளவுகோலை எப்படி நம்புவீர்கள்.

1987: நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் 'கோட் ஆஃப் ஆனர்'. பாதுகாப்பு அதிகாரி டாஷா யார் என்ற பெண்ணை லிகோன் கிரகத்துத் தலைவன் லூட்டான் கடத்துகிறான், தன் மனைவியோடு அவளை விஷ ஆயுதத்தால் மோதவிடுகிறான். 1997: ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடரின் 'இமான்சிபேஷன்'. கேப்டன் கார்ட்டரை மங்கோலியச் சாயலில் எழுதிய ஒரு குடியினர் கடத்தி, துர்கான் என்ற முரட்டுத் தலைவனிடம் விற்கிறார்கள், கடைசியில் கத்திச் சண்டை. பத்து வருஷ இடைவெளியில் ஒரே எபிசோடை இரண்டு முறை பார்த்த மாதிரி இருக்கிறதா? இரண்டிலும் எழுத்தாளர் பட்டியலில் காத்தரின் பவர்ஸ் இருக்கிறார்.

லிகோன்காரர்கள் அத்தனை பேரையும் கருப்பின நடிகர்களாகப் போட்டு, பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களாகக் காட்டியதை அந்தத் தொடரின் நடிகர்களே பிற்பாடு வெட்கத்தோடு பேசினார்கள். அது ஒரு புறம். கதையாகவும் அது நொண்டுகிறது. லூட்டான், துர்கான் இரண்டு பேருக்கும் இழக்க எதுவும் இல்லை. பெண் வேண்டும், நிலம் வேண்டும், மீசையை முறுக்க வேண்டும். கார்ட்டர் வந்ததால் துர்கானின் கூடாரத்தில் இருந்த ஒரு பெண்ணாவது தனக்குள் எதையாவது யோசித்தாளா? கார்ட்டர் ஜெயித்ததும் எல்லோரும் விடுதலையாகிவிடுகிறார்கள், வெளியூர் வாத்தியார் வந்து விடுமுறை அறிவித்தது போல.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 'கோட் ஆஃப் ஆனர்' கடைசியில் தலைவனின் மனைவி யரீனா அவனைக் கைகழுவிவிட்டு வேறொருவனைத் தேர்ந்தெடுக்கிறாள். சொத்தெல்லாம் அவள் பெயரில்தான். அந்த ஒரு நிமிஷத்தில் மட்டும் இழப்பு என்றால் என்னவென்று லூட்டான் முகத்தில் தெரிகிறது. அதை முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம்.

மே 18

ஸ்டார் வார்ஸின் போபா ஃபெட் பற்றி ஏன் பேசவில்லை என்று நச்சரிக்கிறீர்கள். அவர் சிப்பாய் இல்லை, கூலிக்கு ஆள் பிடிக்கிறவர். இருந்தாலும் சரி, 'தி புக் ஆஃப் போபா ஃபெட்' (2021 டிசம்பரிலிருந்து 2022 பிப்ரவரி வரை, ஏழு எபிசோட்). பாலைவனத்தில் விழுந்து கிடந்தவரை டஸ்கன்கள் என்ற பாலைவனக் குடியினர் பிடித்துக் கட்டுகிறார்கள். மணலைத் தோண்டிக் கருப்புக் காய்களை எடுக்க வைக்கிறார்கள்.

முதல் இரண்டு எபிசோடும் எனக்கு மிகவும் பிடித்தவை. அதிலும் ஒரு காட்சி. மணலுக்குள்ளிருந்து எழும் ராட்சதப் பிராணியை போபா தன் சங்கிலியாலேயே இறுக்கிக் கொல்கிறார். கூட இருந்த டஸ்கன் சிறுவன் அதன் தலையைத் தூக்கிக்கொண்டு, தானே கொன்றது மாதிரி முகாமுக்குள் ஆர்ப்பாட்டமாக நுழைகிறான். போபா பேசாமல் பின்னால் வந்து உட்கார்கிறார். தலைவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, தண்ணீர் நிறைந்த ஒரு கருப்புக் காயை மட்டும் அவரிடம் நீட்டுகிறார். வசனம் இல்லை. பிள்ளையின் பெருமையையும் காப்பாற்றியாயிற்று, கைதிக்குச் சேர வேண்டியதும் சேர்ந்தது.

இந்த அக்கறை சும்மா வந்ததில்லை. டஸ்கன்களின் சைகைமொழியை தி மாண்டலோரியன் தொடருக்காக உருவாக்கியவர் காதுகேளாத நடிகர் டிராய் காட்ஸர். 2022-இல் துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினாரே, அவர்தான். போபாவாக நடிக்கும் டெமுவேரா மாரிசன் நியூசிலாந்தின் மாவோரி. தீயைச் சுற்றி ஆடும் ஆட்டத்திலும் கம்பு சுழற்றுவதிலும் அந்தச் சாயல் தெரியும்.

அப்புறம் மூன்றாம் எபிசோடில் குடி மொத்தத்தையும் கொன்றுவிடுகிறார்கள். போபா ஒட்டகம் மேய்க்கிற ஆள் மாதிரி பாந்தா என்ற மிருகத்தின் மேல் திரும்பி வருகிறார், எல்லாம் எரிந்து கிடக்கிறது, கொஞ்ச நேரம் துக்கம், அடுத்த வேலை. முகமூடி போட்ட மனிதர்களுக்கு இரண்டு எபிசோடாக முகம் கொடுத்துவிட்டு, ஹீரோ பழிவாங்க ஒரு காரணம் வேண்டும் என்று மொத்தமாக எரித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. கம்பு செய்யக் கற்றுக்கொடுத்தார்கள், உடை கொடுத்தார்கள், வேலை முடிந்தது, போய்வாருங்கள்.

மே 19

"உங்கள் சூத்திரப்படி பிடித்தவன்தானே இழக்க வேண்டும், டஸ்கன்கள் உயிரையே இழந்தார்களே?" நல்ல கேள்வி, குதர்க்கம் இருந்தாலும்.

இழப்பதற்கும் இழக்கவைக்கப்படுவதற்கும் வித்தியாசம் உண்டு. கார் சுடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறான். இகட்டிகா விலகலாமா என்று முடிவெடுக்கிறான். டஸ்கன்கள் எதை முடிவெடுத்தார்கள்? கேமரா அங்கே இல்லாதபோது செத்தார்கள்.

மே 22

தம்பியோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். உன் கட்சி தேறாது, 'நெமெசிஸ்' ஞாபகம் இருக்கா என்றான். வாயேஜர் நாலாவது சீசன், 1997 செப்டம்பர். பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடுங்கள், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

சக்கோட்டே ஒரு காட்டில் விழுகிறார். வோரி என்ற மக்களின் சிறு படை அவரை எடுத்துப் பராமரிக்கிறது. எதிரிகள் கிராடின்கள், பார்க்கவே பயங்கரம், பிணத்தைக்கூட அவமதிப்பவர்கள். வோரிகள் அன்பானவர்கள், கிராமம் அழகு, ஒரு சின்னப் பெண் அவரோடு ஒட்டிக்கொள்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் பேசும் தினுசே சக்கோட்டேயின் வாயில் வந்துவிடுகிறது. கிராமம் அழிகிறது. துப்பாக்கியை எடுக்கிறார். அப்புறம்தான் தெரிகிறது: கிராமமும் அந்தப் பெண்ணும் எல்லாமே மருந்தும் மாயப்படமும் கலந்த பயிற்சி. அந்நியனைப் பிடித்துத் தங்கள் போருக்கு ஆள் சேர்க்கும் ஏற்பாடு. வாயேஜருக்கு உதவிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கிராடின்கள்தான்.

இங்கே பிடித்தவனுக்கு நெருக்கடியே இல்லை. அவனுக்கு இது அன்றாட வேலை. தான் பிடிபட்டதே கைதிக்குத் தெரியாது. என் அளவுகோலின்படி இது படுத்திருக்க வேண்டும். ஆனால் கடைசியில் கிராடின் தூதர் மரியாதையாக நலம் விசாரிக்க வரும்போது, உண்மை முழுதும் தெரிந்த பின்னும், சக்கோட்டேயால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உடம்பு கூசுகிறது. சண்டையில் ஜெயித்து "எங்களில் ஒருவன்" ஆகிற அத்தனை கதைகளுக்கும் இது ஒரு குட்டு. சேர்த்துக்கொள்ளப்பட்டவன் எதற்குச் சேர்க்கப்பட்டான் என்று மற்ற எபிசோட்கள் கேட்பதே இல்லை.

ஆக, கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பிடித்தவன் இழக்க வேண்டும், அல்லது கைதி திரும்பக் கிடைக்காத ஒன்றை இழக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மீசை மட்டும் முறுக்கினால் கதை தேறாது.

மே 22, இரவு

தம்பி இதைப் படித்துவிட்டு, "கொஞ்சம்" திருத்தமா என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.

மே 27

'பர்த்ரைட்' பற்றி இரண்டு பேர் கேட்டீர்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷன், 1993, இரண்டு பாகம். கைதியும் க்ளிங்கான் (அதே வார்ஃப்தான்), அங்கே இருப்பவர்களும் க்ளிங்கான்கள், முகாம் அவர்களின் பகைவர்களான ரோமுலன்களுடையது. கிட்டோமர் என்ற இடத்தில் ரோமுலன்கள் நடத்திய தாக்குதலில் உயிரோடு பிடிபட்டவர்கள். உயிரோடு பிடிபடுவதே அவர்களுக்கு அவமானம். வீட்டார் தலைகுனியக் கூடாதென்று, செத்துவிட்டதாகவே இருந்துவிடலாம் என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். பழைய ரோமுலன் காவல் அதிகாரி டோக்கத் ஒரு க்ளிங்கான் பெண்ணை மணந்திருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஈட்டியை மண் கிளறப் பயன்படுத்துகிறார்கள், போர்ப்பாட்டைத் தாலாட்டாகப் பாடுகிறார்கள்.

வார்ஃப் வந்து, பிள்ளைகளுக்கு வேட்டையும் பழங்கதையும் வீரமும் சொல்லிக்கொடுக்கிறார். சின்ன வயதில் இதைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பையன் டோக் வேட்டை மிருகத்தோடு வந்து நின்று போர்ப்பாட்டை ஒழுங்கான தாளத்தில் பாடும்போது நானும் கூடப் பாடினேன், வார்த்தை தெரியாமலேயே.

இப்போது பார்த்தால் டோக்கத்தான் கண்ணில் படுகிறார். இரண்டு பகைக் குடிகளை ஒரே சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்த ஆள். அதைக் கலைக்க வந்தவர் வார்ஃப். அவரைக் கொல்லாமல் விட்டால் ஊர் சிதறும், கொன்றால் பிள்ளைகளும் அவர் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். கடைசியில் இளையவர்கள் வெளியேறுகிறார்கள், பெரியவர்கள் தங்குகிறார்கள். அந்த இடத்தைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை என்று வார்ஃப் வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றவும் செய்கிறார். ரோமுலன் தந்தைக்கும் க்ளிங்கான் தாய்க்கும் பிறந்த பாஎல் மட்டும் போக முடியாமல் நிற்கிறாள். வார்ஃபுக்கே அவள் காதைப் பார்த்ததும் முகம் மாறியதே. வீரம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் லட்சணம் அந்த ஒரு முகச்சுளிப்பில் தெரிந்துவிடுகிறது.

மே 28

பாபிலான் 5 தொடரை விட்டுவிட்டேன் என்று திட்டாதீர்கள். அதில் வரும் பூமிப் படை வீரர் சின்க்ளேரின் கதை வேறு மாதிரி. பூமிக்கான கடைசிச் சண்டையில் படையணி மொத்தமும் போய், பூமியோடு போரிடும் மின்பாரி என்ற இனத்தின் கப்பல் மீதே மோதிவிடத் துணிந்தவருக்கு 24 மணி நேரம் நினைவில் இல்லை. ஜெயிக்கும் தறுவாயில் மின்பாரிகள் சரணடைகிறார்கள். 1994-இல் வந்த 'அண்ட் தி ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' எபிசோடில்தான் காரணத்தின் நுனி தெரிகிறது: அவரைப் பிடித்துச் சோதித்தார்கள், அங்கே கண்டது அவர்கள் போரையே நிறுத்திவிட்டது. மின்பாரியர் மின்பாரியரைக் கொல்வதில்லை. பிடித்த மனிதனுக்குள்ளே தங்கள் முன்னோர் ஆன்மா இருந்தால்?

கைதி ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. முடிவு முழுவதும் பிடித்தவர்களுடையது. தம்பி, இதைப் படி.

ஜூன் 2

"இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா, பிடித்தவர்கள் கைதியைத் தங்கள் குடியில் சேர்ப்பார்களா?" நிறைய நடந்திருக்கிறது, தொடர்களைவிட விசித்திரமாகவே.

வட அமெரிக்காவில் இரோகுவா மக்களிடம் போருக்குப் போவதன் ஒரு நோக்கமே இறந்தவர் இடத்தை நிரப்ப ஆள் கொண்டுவருவது. மேரி ஜெமிசன் என்ற பெண்ணைச் சிறுவயதில் பிடித்துக்கொண்டு போனபோது, போரில் சகோதரனைப் பறிகொடுத்த இரோகுவாக்களில் ஒரு பிரிவான செனிகாவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் அவளைத் தங்கள் தங்கையாக ஏற்றார்கள். அவள் திரும்பவே இல்லை. சண்டையில் ஜெயித்துக் காட்ட வேண்டியதில்லை. துக்க வீட்டில் ஒரு இடம் காலி, அவ்வளவுதான். இதை எந்தத் தொடரும் சரியாக எடுத்து நான் பார்க்கவில்லை.

சிந்தியா ஆன் பார்க்கர் என்ற சிறுமியை 1836-இல் கமான்சே என்ற அமெரிக்கப் பழங்குடியினர் கொண்டுபோனார்கள். 1860-இல் 'மீட்டார்கள்'. மீட்கப்பட்டபின் அவள் தப்பித்துக் கமான்சேக்களிடமே போகப் பார்த்தாள். அவள் மகன் குவானா பார்க்கர் பிற்பாடு கமான்சேத் தலைவரானார்.

சிப்பாய்தான் வேண்டும் என்றால் கொன்சாலோ கெரேரோ. 1511-இல் கப்பல் உடைந்து மெக்சிகோவின் யுகட்டான் கரையில் மாயா மக்களிடம் மாட்டிய ஸ்பானியன். கூட மாட்டியவர் ஹெரோனிமோ டி அகிலார் என்ற சமயத்துறைக்காரர். 1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் வந்து இருவரையும் மீட்க ஆள் அனுப்புகிறான். அகிலார் ஓடி வந்து சேர்ந்துகொள்கிறார். கெரேரோ வர மறுக்கிறான். முகத்தில் பச்சை குத்தியாயிற்று, காது குத்தியாயிற்று, மனைவி, மூன்று பிள்ளைகள், போருக்குப் படைத்தலைவன் பதவி. பிற்பாடு ஸ்பானியர்களுக்கு எதிராகவே போரிட்டுச் செத்தான்.

சக்கோட்டே, வார்ஃப், போபா எல்லோரும் அடுத்த வாரம் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். கெரேரோவுக்கு அடுத்த வாரம் என்ற கட்டாயம் இல்லை. தொடர்களால் தொட முடியாத இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 3

ஒருவர் 'தி 100' தொடரின் ஆக்டேவியாவைச் சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன், அவள் திரும்புவதில்லை. பூமியில் வாழும் ஒரு போர்க்குடியின் தலைவி இந்திராவிடம் சீடப்பிள்ளையாகி அந்த மக்களில் ஒருத்தியாகவே ஆகிவிடுகிறாள். ஆனால் அவள் சிப்பாயும் இல்லை, சொந்தக் கூட்டத்தில் அவளுக்கு ஒரு இடம் இருந்ததும் இல்லை. பிறந்ததிலிருந்து தரைக்கடியில் ஒளித்து வளர்க்கப்பட்டவள். விட்டுவிட்டு வர அவளுக்கு எதுவும் இல்லை. கெரேரோவுக்கு இருந்தது.

ஜூன் 3, இரவு

கெரேரோ பற்றிக் கேட்டவருக்கு ஒரு விவரம். கோர்ட்டெஸோடு போன பெர்னால் டியாஸ் எழுதி வைத்திருக்கிறார்: அகிலார் கூப்பிட வந்து நின்றபோது கெரேரோவின் மாயா மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. என் கணவரைக் கூப்பிட வந்திருக்கிறானே இந்த அடிமை, பேசாமல் போகச் சொல் என்று விரட்டினாளாம். அகிலார் அப்போது உண்மையாகவே அடிமையாக வைக்கப்பட்டிருந்தவர், அதனால் அந்த வசவு சரியாகப் போய் உட்காருகிறது.

நான் பார்த்த இத்தனை எபிசோடில் பிடித்தவர்கள் பக்கத்திலிருந்து ஒரு மனைவி எழுந்து இந்த மாதிரி மீட்புக் குழுவைத் திட்டி அனுப்பியதாக ஒன்றும் ஞாபகம் வரவில்லை. யாருக்காவது வந்தால் எபிசோட் எண்ணோடு போடுங்கள், இந்த வாரமே பார்த்துவிடுகிறேன்.